கார் கொட்டகையும் சினிமா கொட்டகையும்

ஐந்து நிமிடம் உங்களை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அழைத்துப் போகிறேன்.

1896-ல் அங்கே ஒரு வாடகை வீட்டின் பின்கொட்டகையில்தான் ஹென்றி ஃபோர்டு தம் முதல் காரைச் செய்தார். கார்த் தொழிலால் ஊரில் பணம் புரண்டது. அதே இடத்தில் 1926-ல் மிச்சிகன் தியேட்டர் எழுந்தது. சுமார் 4,000 இருக்கைகள்; அரண்மனை போன்ற மண்டபம். 1928-ல் ஃபாக்ஸ் தியேட்டர் வந்தது. அதில் 5,000 பேர் உட்காரலாம்.

பிறகு வீட்டுக்கு வீடு கார் வந்தது. மக்கள் புறநகருக்குக் குடிபோனார்கள். தொலைக்காட்சியும் சேர்ந்துகொண்டது. 1950-ல் சுமார் 18.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1980-ல் 12 லட்சமானது. இருக்கைகள் காலி, பராமரிப்புச் செலவு குறையவில்லை.

மிச்சிகனை இடித்தால் ஒட்டியிருந்த அலுவலகக் கட்டடம் ஆட்டம் காணும். அங்கிருந்தவர்களுக்கோ கார் நிறுத்த இடம் வேண்டும். 1977-ல் தியேட்டருக்குள்ளேயே தளங்கள் போட்டுப் பார்க்கிங் ஆக்கினார்கள். கார்களுக்கு மேலே பழைய வேலைப்பாட்டுக் கூரை இன்றும் தெரிகிறது.

ஃபாக்ஸை லிட்டில் சீசர்ஸ் பீட்சா நிறுவனத்தின் இலிச் தம்பதி வாங்கிப் புதுப்பித்து, 1988-ல் திறந்தார்கள். தங்கள் தலைமை அலுவலகத்தையும் அங்கேயே கொண்டுவந்தார்கள். இசை, நாடகம் என்று அங்கே இன்னும் கூட்டம் வருகிறது.

அழகில் இரண்டும் சளைத்தவை அல்ல. புழக்கம்தான் ஒன்றைக் காப்பாற்றியது. வங்கியிலும் வரவு செலவு இல்லாத கணக்கைச் செயலற்ற கணக்கு என்று ஒதுக்கிவிடுவோம்.

நம் பொதுக்கூடத்தையும் பார்க்கிங் ஆக்கலாம் என்று பேச்சு இருக்கிறது. கூடம் வேண்டும் என்பவர்கள் கை தூக்கினால் மட்டும் போதாது. மாதம் ஒரு முறையாவது அங்கே வந்து உட்காருங்கள்.