என் பல்லும் எங்கள் சங்கமும்

(மாணவர் – செயல்பாட்டாளர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



அமெரிக்காவில் ஆய்வு மாணவர்கள் சங்கம் கட்டிய கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். சங்கம் என்றதும் கொடி, கோஷம், ஊர்வலம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பல்லைப் பத்திப் பேசப்போறேன். கீழ்த்தாடை, இடது பக்கம், கடைசிக்கு முந்தின கடவாய்ப்பல். இப்போ அந்த இடம் காலி. ஏன் காலியாச்சு என்பதைச் சொன்னால் சங்கம் எதுக்கு என்பது தானாக வந்துவிடும்.

முதல்ல நான் அங்கே என்னவாக இருந்தேன்னு சொல்லிடறேன். ஆதிதிராவிடர் நல விடுதியில் படித்து, இங்கே முதுகலை முடித்து, முனைவர் பட்டத்துக்காக ஒரு அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பணம் குடுத்துப் படிக்கவைக்கிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சும்மா குடுக்கல. வாரத்துக்கு 20 மணிநேரம் இளங்கலைப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கணும், விடைத்தாள் திருத்தணும், அவங்க சந்தேகத்துக்கு உட்கார்ந்து பதில் சொல்லணும். டீச்சிங் அசிஸ்டெண்ட் என்று பேர். மாணவர் விசாவில் போனவன் படிப்பு நடக்கிற மாதங்களில் 20 மணிநேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. இஷ்டத்துக்கு வெளியே போய் ஓட்டலில் தட்டு கழுவவும் முடியாது. ஆக, சம்பளம் தருகிறவனும் அவனே, அதிலிருந்து கட்டணம் பிடிக்கிறவனும் அவனே, குடியிருக்கிற வீடும் அவனோடது, எந்த வைத்தியனிடம் போகலாம் என்று தீர்மானிக்கிறவனும் அவனே. பண்ணையார் ஞாபகம் வந்தால் அது என் குற்றமில்லை.

முதல் வருசம் ஒரு தடித்த புத்தகம் குடுத்தான். மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வான். பல் காப்பீடு தனி. வேணும்னா சேரலாம், மாசம் முப்பது டாலர் சொச்சம். எனக்கு என்ன தோணுச்சு? பல்லுக்கு எவனாவது மாசாமாசம் காசு கட்டுவானா? எங்க ஊர்ல பல் வலிச்சா கிராம்பு வைப்போம், இல்ல உப்புத்தண்ணி கொப்புளிப்போம். ரொம்ப முடியலன்னா அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புடுங்கிட்டு வருவோம். எங்கம்மாவுக்கு நாற்பத்தைந்து வயசுல மேல்வரிசையில் பாதிப் பல் இல்லை. அதை நாங்க யாரும் நோய் என்று நினைத்ததே இல்லை. வயசாச்சுன்னு நினைச்சோம்.

வேணாம்னு கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து ஒரு வருசத்துக்குச் செல்லும் என்பது எனக்குத் தெரியாது. அங்கே காப்பீட்டில் சேர்வதற்கு ஒரு ஜன்னல் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் சில வாரங்கள் திறந்திருக்கும். மூடினால் அடுத்த வருசம்தான். கல்யாணம் ஆச்சு, குழந்தை பிறந்தது என்றால் மட்டும் நடுவில் திறப்பான், அதுவும் பெரும்பாலும் 30 நாளுக்குள் போய்த் தட்டணும்.

பிப்ரவரியில் பல் வலி. பனி முழங்கால் அளவு கிடக்குது. மூணு ராத்திரி தூக்கமில்லை. பல் வைத்தியர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, வேர் வரைக்கும் போயிடுச்சு, ரூட் கெனால் பண்ணி கேப் போட்டால் காப்பாத்திடலாம், ரெண்டும் சேர்த்து 2,400 டாலர் என்றார். என் மாசச் சம்பளம், பிடித்தம் போக, 1,600. புடுங்கினா எவ்வளவு என்று கேட்டேன். 220 என்றார். அந்தம்மா நல்ல மனுசி. முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் சொன்னாங்க.

புடுங்கிட்டு வந்து பஞ்சைக் கடிச்சிக்கிட்டே மறுநாள் காலை எட்டு மணிக்கு வகுப்பெடுத்தேன். காப்பாத்தப்படுகிற பல் ஒரு வர்க்கத்துக்கு, புடுங்கப்படுகிற பல் இன்னொரு வர்க்கத்துக்கு என்பது அன்னைக்குத்தான் வாய்க்குள்ளேயே உறைச்சது. கடல் தாண்டிப் போயும் எங்கம்மா பல்வரிசையில்தான் நின்னுக்கிட்டிருந்தேன்.

பல் ஏன் உடம்பில் சேராது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 1840இல் பால்டிமோரில் உலகத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரி தனியாகத் தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து பல்லுக்குத் தனிப் படிப்பு, தனிக் கடை. 1965இல் முதியோருக்காக மெடிகேர் கொண்டுவந்தபோது சாதாரணப் பல் வைத்தியத்தை வெளியே நிறுத்தினார்கள். 2010இல் ஒபாமா காலத்துச் சட்டம் வந்தபோது பிள்ளைகளின் பல்லை அவசியமான வைத்தியத்தில் சேர்த்தார்கள், பெரியவர்களின் பல்லைச் சேர்க்கவில்லை. உடம்புக்குள்ளேயே ஒரு சேரியை ஒதுக்கி வைத்த மாதிரி.

வகுப்பு முடிந்ததும் கூட வேலைபார்த்த ஒரு கறுப்பினத் தோழி என் வீங்கின கன்னத்தைப் பார்த்துவிட்டு, சங்க அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சங்கம் ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அங்கேதான் காப்பீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், நாளைக்கு உங்களில் யாராவது போகலாம்.

பிரீமியம் தெரியும், மாசாமாசம் கட்டுவது. டிடக்டிபிள் என்றால் வருசத்தில் முதல் இத்தனை டாலர் உன் கைக்காசு. அது தீர்ந்த பிறகுதான் கம்பெனி கதவைத் திறக்கும். கோ-பே என்றால் ஒவ்வொரு தடவையும் வாசலில் கட்டுகிற காசு. கோ-இன்சூரன்ஸ் என்றால் பில்லில் உன் பங்கு இத்தனை விழுக்காடு. நெட்வொர்க் என்றால் கம்பெனியோடு விலை பேசிக்கொண்ட வைத்தியர்கள்; அதுக்கு வெளியே போனால் பில் எகிறும். பிரீமியம் கம்மியா இருக்கே என்று சந்தோசப்பட்டால் டிடக்டிபிளில் பிடிப்பான். அதனால் ஒத்தை எண்ணை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது.

இப்போ முக்கியமான விசயம். மருத்துவக் காப்பீட்டில் உச்சவரம்பு உனக்கு. அதாவது நெட்வொர்க்குக்குள் பார்த்துக்கொண்டால், வருசத்தில் உன் கையிலிருந்து இவ்வளவுக்கு மேல் போகாது, மிச்சத்தைக் கம்பெனி கட்டும். பல் காப்பீட்டில் உச்சவரம்பு கம்பெனிக்கு. வருசத்துக்கு 1,000, 1,500 என்று ஒரு தொகை, அதுக்கு மேல் எல்லாம் உன் தலையில். வழக்கமான ஏற்பாடு இப்படி இருக்கும்: சுத்தம் பண்ணுவதற்கு 100 விழுக்காடு, சொத்தை அடைப்பதற்கு 80, கேப் மாதிரிப் பெரிய வேலைக்கு 50. ரூட் கெனாலை 80இல் வைப்பதா 50இல் வைப்பதா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். என் 2,400க்கே கணக்குப் போடுங்கள். எல்லாம் 50 என்றால் கம்பெனி பங்கு 1,200. ஆனால் உச்சவரம்பு 1,000 என்றால் 1,000தான் வரும். நான் 1,400 கட்டணும். காப்பீடு இருந்திருந்தாலும் முழுசா தப்பிச்சிருக்க மாட்டேன். ஆனா புடுங்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

சங்கம் இதில் என்ன செய்யும்? இந்த எண்கள் எதுவும் வானத்திலிருந்து வரவில்லை, பேரம் பேசலாம் என்று சொல்லும். நிர்வாகம் பிரீமியத்தில் எத்தனை விழுக்காடு கட்டணும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதவைக்கும். விழுக்காடு என்று எழுதுவதா, டாலர் என்று எழுதுவதா என்று நாங்கள் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். நிர்வாகம் வருசத்துக்கு இத்தனை டாலர் தரும் என்று எழுதினால், அடுத்த வருசம் பிரீமியம் ஏறும்போது ஏறினது எல்லாம் உன் பங்கு. விழுக்காடு என்றால் ஏற்றத்தில் பெரும்பகுதி அவன் பங்கு. அதேபோல "தற்போதைய திட்டத்துக்கு ஒப்பான திட்டம்" என்று ஒரு வாக்கியம் வரும். ஒப்பானது என்று யார் சொல்வது? அதை எழுதாமல் விட்டால் டிடக்டிபிளை ரெட்டிப்பாக்கிவிட்டு ஒப்பானதுதான் என்பான். எழுதப்பட்டுவிட்டால், மீறினால் புகார் கொடுக்கலாம், நடுவர்வரை போகலாம். புகாருக்கும் நாள்கணக்கு உண்டு, தாமதமா போனா தள்ளிடுவான்.

சங்கம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? மிசௌரிப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2015 ஆகஸ்ட் 14 அன்று ஆய்வு மாணவர்களுக்கு ஒரு அறிவிப்பு வந்தது: காப்பீட்டுக்கு நாங்கள் தந்துவந்த மானியம் இனி கிடையாது. பழைய காப்பீடு மறுநாள் முடிகிறது. சட்டத்துக்கு வரித்துறை தந்த விளக்கம்தான் காரணம் என்றார்கள். இருக்கலாம். ஆனால் கர்ப்பமாக இருந்தவர்கள், நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் என்ன செய்வார்கள்? மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒரு வாரத்துக்குள் நிர்வாகம் பின்வாங்கியது.

கதை அதோடு முடியல. அதே வளாகத்தில் கறுப்பின மாணவர்கள் மீது இனவசவு நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 2ஆம் தேதி ஜோனதன் பட்லர் என்கிற கறுப்பின ஆய்வு மாணவர், பல்கலைக்கழகத் தலைவர் விலகும்வரை சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்தார். அவர் அடுக்கிய காரணங்களில் இனவசவும் இருந்தது, காப்பீட்டைப் பறித்ததும் இருந்தது. கால்பந்து அணியின் கறுப்பின வீரர்கள் ஆட மாட்டோம் என்றார்கள். நவம்பர் 9இல் தலைவர் டிம் வுல்ஃப் பதவி விலகினார். மானம் வேறு, மருந்துச்சீட்டு வேறு என்று பிரித்துப் பேசுகிற நம்மூர் இடதுசாரித் தோழர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வேன். அவங்க தலையாட்டுவாங்க, அப்புறம் பழையபடி வர்க்கம் என்று தொடங்குவாங்க.

சங்கம் இருந்தாலும் காப்பீட்டையே ஆயுதமாக்குவான். பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள் 2023 ஜனவரி 31இல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு வாரம் தாண்டியது. வேலைநிறுத்தம் செய்தவர்களின் கல்விக்கட்டண விலக்கையும் காப்பீட்டையும் நிர்வாகம் நிறுத்திவிட்டது. மருந்துக்கடையில் போய் நிற்கும்போதுதான் சிலருக்குத் தெரிந்தது. மார்ச் மாதம்வரை தாக்குப்பிடித்தார்கள். துணைவர், பிள்ளைகளின் காப்பீட்டில் ஒரு பங்கை நிர்வாகம் ஏற்கும் என்பது அந்த ஒப்பந்தத்தில்தான் வந்தது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மாணவர் விசாவில் போனவரின் மனைவியோ கணவரோ அங்கே வேலை செய்ய முடியாது. அவருக்கான பிரீமியமோ பல இடங்களில் மாணவருடையதைவிட அதிகம். என் மனைவி வந்திருந்த ஒன்பது மாதமும் அவளுக்குக் காய்ச்சல் வரக்கூடாதென்று வேண்டாத சாமி இல்லை, சாமி கும்பிடாதவன் நான்.

அண்ணல் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் இந்தக் கதையில் ரெண்டு தடவை வருகிறது. தனியார் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவன் தொழிலாளியா இல்லையா என்பதில் அங்குள்ள தேசியத் தொழிலுறவு வாரியம் மாறிமாறித் தீர்ப்புச் சொல்லி வந்தது. 2000இல் ஆமாம் என்றது, 2004இல் இல்லை என்றது. கொலம்பியா மாணவர்கள் தொடுத்த வழக்கில்தான் 2016இல் மறுபடி ஆமாம் என்றது. அப்புறமும் அங்கே முதல் ஒப்பந்தம் கிடைக்க 2022 ஜனவரி ஆனது, அதற்கு முந்தைய நவம்பரில் தொடங்கி ரெண்டு மாசத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்யவேண்டியிருந்தது. அரசுப் பல்கலைக்கழகங்களில் இது அந்தந்த மாநிலச் சட்டம். விஸ்கான்சினில் 1970லேயே ஒப்பந்தம் வாங்கியவர்கள் இருந்தார்கள். 2011இல் மாநில அரசு ஒரு சட்டத்தால் அந்தப் பேர உரிமையைப் பறித்தது. வாங்கினது கையில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எங்கள் சங்கத்தில் கோரிக்கைப் பட்டியல் தயாரித்தபோது, பாகுபாடு காட்டக்கூடாத அடையாளங்களில் சாதியையும் சேர்க்கவேண்டும் என்றேன். வெள்ளைக்காரத் தோழர்கள் அப்படி என்றால் என்ன என்று கேட்டார்கள், அது நியாயம். கூட இருந்த ஒரு இந்தியத் தோழர்தான், இங்க எதுக்குங்க அதையெல்லாம் இழுக்கிறீங்க, நாம பல்லு, கண்ணாடின்னு பேசிக்கிட்டிருக்கோம்னார். நான் சொன்னேன்: என் வழிகாட்டி நம்ம நாட்டுக்காரர். அவர் என் முழுப்பேரைக் கேட்டுவிட்டு அடுத்த பருவத்துக்கு வேலை இல்லை என்று சொன்னால், வேலையோடு சம்பளம் போகும். வேலை இருந்தால்தான் காப்பீடு, அதுவும் போகும். கட்டணம் கட்ட முடியாமல் படிப்பு நின்றால் விசாவும் போகும். அப்போ என் பல் எங்கே இருக்கு? அவர் பதில் சொல்லல. 2021இல் ஹார்வர்டு ஆய்வு மாணவர் சங்கம் தன் ஒப்பந்தத்தில் சாதியைச் சேர்த்தது. 2022 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு தன் கொள்கையில் சேர்த்தது. எங்களுடையது அந்தச் சுற்றில் மேசையிலேயே விழுந்துவிட்டது. பல் காப்பீட்டில் நிர்வாகப் பங்கு கிடைத்தது, சாதி கிடைக்கவில்லை. அந்த ஒப்பந்தத்துக்கு ஆதரவாகத்தான் நான் ஓட்டுப்போட்டேன். சரியா தப்பா என்று இன்னமும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

போகப்போகிறவர்களுக்கு ஒன்று. ஆஃபர் லெட்டர் வந்ததும் சம்பள எண்ணை மட்டும் பார்த்துத் துள்ளாதீர்கள். அங்கே சங்கம் இருக்கா, ஒப்பந்தம் எப்போ முடியுது என்று எழுதிக் கேளுங்கள். எத்தனை விழுக்காடு நியமனம் என்று பாருங்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் கால்பங்கு நியமனம்தான் சலுகைகளுக்கு வாசல், அதுக்குக் கீழே ஒரு புள்ளி குறைந்தாலும் வெளியே நிற்கணும். கோடையில் வேலை இல்லாத மாதங்களில் காப்பீடு நீடிக்குமா என்று கேளுங்கள். கிளம்புறதுக்கு முன்னாடி இங்கேயே பல்லைக் காட்டிட்டுப் போங்க.

டீ வந்திருச்சு. பின்னாடி கை தூக்கின தோழர், உங்க கேள்வியைச் சொல்லுங்க.