மதிப்பெண் பட்டியலும் மாணவர் பட்டியலும்



ஆண்டுதோறும் கோடை விடுமுறைக் காலத்தில் இல்லந்தோறும் எழும் வினா ஒன்று உண்டு: "பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?" விடை தேடிப் பல கல் தொலைவு அலைவோர், தெருமுனையில் இருக்கும் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியை மட்டும், "அங்கே படிப்பு சரியில்லை" என்ற ஒரு தொடரோடு கடந்து விடுகின்றனர். அத்தீர்ப்பு நேரியதுதானா என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரு பள்ளியின் தேர்ச்சியை அளப்பதற்கு முன் அங்கே அமர்ந்திருப்போர் யாவர் என்று நோக்குதல் வேண்டும். இன்று சென்னை போன்ற மாநகரின் தொடக்கப் பள்ளிக்கு வருவோருள் பெரும்பாலோர் கட்டடத் தொழிலாளர், வீட்டுவேலை செய்வோர், சுமை தூக்குவோர், தள்ளுவண்டி வணிகர் ஆகியோரின் மக்கள். ஓர் அறையே உறங்கவும் சமைக்கவும் படிக்கவும் இடமாகும் வீடுகளிலிருந்து வருவோர் பலர். ஒடியாவோ இந்தியோ நேபாளியோ பேசும் பெற்றோரின் பிள்ளைகளும் இப்போது அவ்வகுப்புகளில் உள்ளனர். ஆற்றங்கரைக் குடியிருப்புகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் குடும்பங்கள் பெயர்த்து அனுப்பப்பட்டபோது, பழகிய பள்ளியையும் ஆசிரியரையும் விட்டுப் பிரிந்த பிள்ளைகள் பலர். இத்தகையோரின் ஏட்டையும், இருவேளைப் பாடம் சொல்லித்தரப் படித்த பெற்றோர் அமைந்த வீட்டுப் பிள்ளையின் ஏட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், பள்ளியை மட்டுமா அளக்கிறார்? வீட்டையும் சேர்த்தே அளக்கிறார்.

இவ்வுண்மையை நூறாண்டுகளுக்கு முன்னரே உணர்ந்த மாநகராட்சி சென்னையுடையது. 1920-ஆம் ஆண்டில் ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியைப் பற்றி மன்றத்தில் பேச்சு எழுந்தது. பிள்ளைகளின் வறுமையே அப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பெரிதும் பாதிக்கிறது என்று மன்றத் தலைவர் சர் பிட்டி. தியாகராயர் எடுத்துரைத்தார். நாளொன்றுக்குப் பிள்ளை ஒருவருக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க மன்றம் இசைந்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இத்திட்டம் விரிந்தது. 1922-23இல் இப்பள்ளிகளில் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய ஆங்கில அரசு இசையாமையால் 1925இல் திட்டம் நின்றது.

இவ்வெண்களைச் சற்றே நிதானித்துப் பார்த்தல் நலம். ஈராண்டில் 860 பிள்ளைகள் கூடியிருக்கின்றனர். பசியால் பள்ளிப் பக்கம் வாராதிருந்தவர்கள், எழுத்தறியாத வீடுகளிலிருந்து புதிதாக வந்து அமர்கிறார்கள் என்று கொள்வோம். அன்று ஒரு தேர்வு வைத்திருந்தால் பள்ளியின் சராசரி மதிப்பெண் உயர்ந்திருக்குமா, தாழ்ந்திருக்குமா? தாழ்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆயினும் அந்நகரில் கற்றவர் தொகை பெருகிற்று. எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் பள்ளி தன் கடமையைச் செய்யச் செய்ய அதன் சராசரி தாழக் கூடும். நுழைவிலேயே பிள்ளைகளைச் சலித்தெடுக்கும் பள்ளிக்கோ, ஒரு சொல்லும் கற்பிக்குமுன்னரே சராசரி உயர்ந்து நிற்கும். சராசரியை மட்டும் கண்டு பள்ளியைத் தரம் பிரிப்பதில் உள்ள பிழை இதுவே.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று. அமெரிக்காவில் 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வெளிவந்த பேராய்வு, மாணவரிடையே காணும் தேர்ச்சி வேறுபாட்டிற்குப் பள்ளியின் கட்டடம், செலவு ஆகியவற்றைவிடக் குடும்பச் சூழலே மிகுதியும் காரணம் என்று காட்டியது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. குடும்பச் சூழலே காரணம் எனில் பள்ளியால் ஆவது ஒன்றுமில்லை என்று கைவிரிப்போர் உளர். "இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்" என்ற சொல், ஏழைப் பிள்ளைக்கு இழைக்கப்படும் இரண்டாம் அநீதி. அதே அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் நான்காண்டுகள் ஒரு சோதனை நடந்தது. 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளிலும் 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்புகளிலும் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் அமர்த்தினர். சிறு வகுப்பினர் சிறந்து விளங்கினர். அந்நன்மை கறுப்பினப் பிள்ளைகளிடம் மேலும் மிகுந்து காணப்பட்டது. வீடு தர இயலாததைப் பள்ளி ஓரளவேனும் தர இயலும் என்பதற்கு இது சான்று.

தமிழகத்திலும் அம்முயற்சி தொடர்கிறது. மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம், ஆயிரம் விளக்கின் ஓரணாச் சிற்றுண்டிக்கு வழித்தோன்றலே. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் இழப்பை ஈடுசெய்ய அதே ஆண்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. வகுப்பு எதுவாயினும், பிள்ளை உண்மையில் நிற்கும் நிலையறிந்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிப்பது அதன் முறை.

ஒரு பள்ளியை அளக்க நேரிய கோலும் இதிலேயே இருக்கிறது. தமிழ் எழுத்து ஒன்றும் அறியாமல் மூன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒடியாச் சிறுமி, ஆண்டிறுதியில் முதல் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கிறாள் என்று கொள்வோம். பட்டியல் அவளை "இரண்டு வகுப்பு பின்தங்கியவள்" என்று எழுதும். அவளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியை அறிவார், அவள் எங்கிருந்து எங்கு வந்தாள் என்பதை. அந்தத் தொலைவே பள்ளியின் தேர்ச்சி.

அவையோர்க்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் மகளிர். கூலி வேலையை விட்டுக் கூட்டத்திற்கு வர அப்பெற்றோர் படும் பாடு பெரிது. அருகில் வாழும் படித்த குடும்பத்தார் தம் பிள்ளை அங்குப் பயிலாவிடினும், தலைமையாசிரியரைக் கண்டு, வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்க இசைவு பெறலாம். வீட்டில் அவ்வாசிப்பைக் கேட்க ஆளில்லாத பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது. வருகிற சூன் திங்களில் பள்ளி திறக்கும் நாளன்று, தெருமுனைப் பள்ளியின் வாயிலில் ஒருமுறை நின்று, உள்ளே சென்று கேட்டறியுங்கள். தீர்ப்பை அதன்பின் வழங்கலாம்.