வில்லும் விண்ணும்

தை மாதத்து மாலைப் பொழுதில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நிற்பவரது செவியில், அலையோசைக்கும் மேலாக ஓர் இரைச்சல் வந்து விழும். பல்லாயிரம் வண்டுகள் ஒருங்கே கூடி முரல்வது போன்ற அவ்வோசை வானிலிருந்து வருவது. அண்ணாந்து நோக்கினால் பட்டங்கள் தெரியும். பட்டத்தின் தலைப்பில் பூட்டிய சிறு வில்லொன்றே அவ்வோசையை எழுப்புகிறது. யாழ்ப்பாணத்தார் அவ்வில்லை ‘விண்’ என்பர். அது ஒலிப்பதை ‘விண் கூவுகிறது’ என்பர்.

விண் உரக்கக் கூவவேண்டும் என்பது பட்டம் கட்டுபவனின் ஆசை. ஆனால், வேட்டைக்கு வில்லெடுப்பவனது ஆசை இதற்கு நேர்மாறானது. தன் வில் சிறிதும் ஒலித்தலாகாது என்பதே அவனுடைய கவலை. ஒருவன் வளர்க்கும் அதிர்வை மற்றவன் அடக்க முயல்வது ஏன்? வில்லின் ஓசை எங்கே பிறக்கிறது என்பதை அறிந்தால் இது விளங்கும்.

குடாநாட்டில் வேட்டைவில்லுக்கு இன்று வேலையில்லை. 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையில் வேட்டையைக் கட்டுப்படுத்துகிறது. குடாநாட்டின் வாயிலில் உள்ள சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாகி, 2015 இல் தேசியப் பூங்காவாயிற்று. வேட்டைவில்லின் பயிற்சியைக் காண வட அமெரிக்காவுக்குத்தான் செல்லவேண்டும். அங்கே மான் வேட்டையாடுவோர் பலர் குறுக்குவில்லைக் கையாளுகின்றனர். துப்பாக்கியின் கட்டை போன்ற ஒன்றின் முனையில் வில்லைக் குறுக்காகப் பொருத்தி, நாணைக் கொளுவி வைத்து, விசையைத் தட்டி எய்வது அது. இயந்திர வில் தமிழருக்கும் புதிதன்று. மதுரை மதிலின் காவற் பொறிகளுள் வளைவிற்பொறி என்ற ஒன்றைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது.

குறுக்குவில்லில் நாண் ஓடும் தூரம் குறைவு. அக்குறையை ஈடுசெய்ய வில்லை மிக வலியதாக அமைக்கின்றனர். நாணை இழுக்குங்கால் செலவிடும் ஆற்றல் வில்லின் இரு கைகளிலும் சேர்ந்திருக்கும். விசையைத் தட்டியதும் அதிற் பெரும்பகுதி அம்போடு போய்விடுகிறது. அம்பு பிரிந்தபின் எஞ்சிய ஆற்றல் போக்கிடமின்றி நாணையும் கைகளையும் கட்டையையும் குலுக்குகிறது. அந்த எச்சமே ஓசை.

அவ்வோசையால் விளையும் தீங்கைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மான் 30 மீற்றர் தூரத்தில் நிற்பதாகக் கொள்வோம். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். அம்பு விநாடிக்கு 100 மீற்றர் செல்வதாக வைத்துக்கொள்ளலாம். எனவே, விநாடியில் பத்திலொரு பங்குக்குள் ஓசை மானின் செவியை எட்டிவிடும். அம்பு சென்று சேர 0.3 விநாடி ஆகும். இடையிலுள்ள 0.2 விநாடியில், வெருண்ட மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்துகிறது. நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகிற் பாய்கிறது. உடனே மாளாத விலங்கு, புண்ணோடு காட்டினுள் ஓடி நெடுநேரம் துடித்து மாய்கிறது. ஓசையை அடக்குவது வேடனின் வெற்றிக்கு மாத்திரமன்றி, விலங்கின் வேதனையைக் குறைப்பதற்கும் வேண்டுவதாகும்.

அடக்கும் வழிகளுள் முதன்மையானது அம்பின் நிறையைக் கூட்டுவது. கனத்த அம்பு மெதுவாகச் சென்றாலும், வில்லின் ஆற்றலில் அதிக பங்கைத் தன்னோடு கொண்டுபோய்விடும்; அதிர்வுக்கு எஞ்சுவது குறையும். அடுத்து, நாணின் இரு பக்கங்களிலும் கம்பளி நூலோ இறப்பரோ குஞ்சம்போற் கட்டுவர். அது நாணின் துடிப்பை விரைவில் ஓய்விக்கும். நாண் வந்து நிற்குமிடத்தில் இறப்பர் தாங்கியும், வில்லின் கைகளில் இறப்பர்த் துண்டுகளும் பொருத்துவர். தளர்ந்த திருகாணி ஒன்றிருந்தாலும் அது தனியே கிலுங்கும். ஆதலால் எல்லாவற்றையும் இறுக்கிப் பார்ப்பர்.

இவ்வளவு செய்தும் ஓசை முற்றாக ஒழிவதில்லை. மிகுதிக்கு மருந்து அண்மையில் நின்று எய்வதே. அம்பு பூட்டாமல் விசையைத் தட்டுவதோ பெருந் தவறு. எடுத்துச் செல்ல அம்பில்லாதபோது ஆற்றல் அவ்வளவும் வில்லிலேயே தங்கும். கைகள் பிளந்து எய்பவனையே காயப்படுத்தக்கூடும்.

இனி விண்ணை நோக்குவோம். அது அம்பில்லாத வில். மூங்கிற் சலாகையை வளைத்து, நாணுக்குப் பதிலாகத் தட்டையான நாரை இழுத்துக் கட்டுவர். முன்னாளிற் பனைநார் உதவிற்று. இந்நாளில் பொதிகட்டும் பிளாத்திக்கு நாடா உதவுகிறது. உருண்ட நூலில் காற்று மெல்லொலியே எழுப்பும். அகன்ற நாரோ காற்றுக்கு முகங்கொடுத்துப் புரண்டு புரண்டு துடிக்கும். காற்று ஓயும்வரை ஆற்றல் வந்துகொண்டேயிருப்பதால் கூவலும் ஓய்வதில்லை. நாரை இறுக்கினால் ஒலி உயரும், தளர்த்தினால் தாழும்.

விண்ணை ஊமையாக்கும் வழியும் இதிலேயே உண்டு. பாரவண்டியிற் சுமைகட்டும் தட்டை நாடா ஓட்டத்தில் இரைவதையும், அதனை ஒருமுறை முறுக்கிக் கட்டினால் இரைச்சல் அடங்குவதையும் சாரதிகள் அறிவர். முறுக்கிய நாடா காற்றுக்கு ஒரே முகம் காட்டுவதில்லை; அதனால் முழுநீளமும் ஒன்றுபட்டுத் துடிக்க இயலாது.

இவ்வதிர்வை இசையாக்கியவரும் முன்னரே இருந்தனர். குமிழமரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல்நாரை நரம்பாகக் கட்டி, இடையன் ஒருவன் வில்யாழ் இசைத்ததைப் பெரும்பாணாற்றுப்படை சொல்லுகிறது. விஞ்ஞானம் கற்ற விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் யாழ்களை ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947 இல் வெளிவந்தது. யாழ் வாசித்த பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற நிலம் என்பதே யாழ்ப்பாணத்தின் பெயருக்கு வழங்கும் ஐதிகம்.

வேடன் கம்பளிக் குஞ்சத்தால் அடக்குவதும், இடையன் விரலால் எழுப்பியதும், வல்வெட்டித்துறைச் சிறுவன் காற்றிடம் ஒப்படைப்பதும் ஒரே அதிர்வுதான். தைப்பொங்கல் நாளில் அக்கடற்கரையில் கூவும் வில்லினால் எந்த உயிருக்கும் ஊறில்லை. அதற்கு அம்பில்லை அன்றோ!