உலையின் குற்றமா, உணர்கருவியின் குற்றமா?

இலங்கைத் தமிழர் பலர் குடியேறி வாழும் ரொறன்ரோ நகரிலே, தை மாத இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 15 பாகைக்கும் இறங்குவதுண்டு. அத்தகைய இரவில் வீட்டைக் காப்பது நிலவறையில் எரியும் உலை. அதனை எரியவும் ஓயவும் பணிப்பது கூடத்துச் சுவரிலுள்ள வெப்பநிறுத்தி. படுக்கையறையின் நிலையை அதற்கு அறிவிப்பது, அங்கே வைக்கப்பட்ட சிறியதோர் உணர்கருவி. இச்சிறு கருவி பொய் சொன்னால் உலை என் செய்யும்? குழந்தை குளிரில் நடுங்கும். வெளிச்சுவரையொட்டிய நீர்க்குழாய் உறைந்து வெடிக்கவுங் கூடும். வீட்டாரோ உலையைப் பழித்து, பெரும்பொருள் செலவிட்டு அதனை மாற்ற முனைவர்.

வகுப்பறைதோறும் சென்று வெப்பம் பார்க்கும் தொல்லையை ஒழிக்க எண்ணி, வாரன் ஜோன்சன் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1883ஆம் ஆண்டிலே மின் வெப்பநிறுத்திக்குக் காப்புரிமை பெற்றார். அன்றுதொட்டு, கருவியின் சொல்லை நம்புவதே வழக்கமாயிற்று.

கம்பிவழி இணைக்கப்படும் உணர்கருவிகள் பலவற்றின் உள்ளே இருப்பது, சூடேறத் தடை குறையும் ஒரு பொருள். 25 பாகை செல்சியசில் அதன் தடை 10,000 ஓம். குளிரக் குளிரத் தடை ஏறும். ஆகவே கம்பி அறுந்தால் கடுங்குளிர் என்றும், இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டால் கடுஞ்சூடு என்றும் செய்தி போகும். இத்தகைய பெரும்பொய்யை இக்கால வெப்பநிறுத்திகள் பெரும்பாலும் தாமே கண்டு பழுதென்று காட்டிவிடும். அஞ்சவேண்டியது சிறுபொய்யையே. துருவேறிய இணைப்பிலே 500 ஓம் மிகுந்தால், அறை உள்ளதிலும் ஒரு பாகை குளிர்ந்ததாகத் தோன்றும். ஈரங் கசிந்து தடை குறைந்தாலோ, குளிர்ந்த அறையும் வெதுவெதுப்பானதாகத் தோன்றும், உலை எரியாது.

எனினும் கம்பியில் கைவைக்குமுன், கருவி இருக்கும் இடத்தை நோக்குதல் வேண்டும். வெயில் படும் சாளரம், மேசைவிளக்கு, சூடான காற்று வரும் துவாரம் ஆகியவற்றின் அருகே இருப்பின் குற்றம் கருவியினதன்று. சுவரினுள்ளிருந்து கம்பித்துளை வழியே வரும் குளிர்காற்றும் ஏமாற்றும். அத்துளையை அடைத்தால் போதும். கம்பியில்லாக் கருவியாயின் முதலிற் புது மின்கலம் இடுக.

பின்னர் நல்லதொரு வெப்பமானியை அதனருகே அரைமணி நேரம் வைத்து ஒப்பிடுக. வேறுபாடு இருப்பின், மின்னை நிறுத்தி, இணைப்பைக் கழற்றித் தடையை அளக்கலாம். முனை நீர் புகாததாயின், நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது நீரும் கலந்த குவளையில் அமிழ்த்திச் சில நிமிடம் பொறுத்தல் நன்று. அக்கலவை 0 பாகை. அதற்குரிய தடை ஒரு வகையில் ஏறத்தாழ 32,650 ஓம், மற்றொரு வகையில் 29,490 ஓம். இரண்டின்மீதும் 10,000 ஓம் என்றே எழுதப்பட்டிருக்கும். புதிது வாங்குவோர் அவ்வெண்ணை மட்டும் பார்த்து வாங்காது, வெப்பநிறுத்திக்குரிய வகையைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.