வடமும் அதன் இரு முனைகளும்



பல ஆண்டுகளாக இரவு பகலின்றி இயங்கிய பழைய சேவையகக் கணினியொன்று ஒருநாட் காலையில், தன்னகத்தே வன்தட்டு எதுவும் இல்லை என்று அறிவிக்கின்றது. சூழ நின்றோர், "வன்தட்டுப் பழுதாகிவிட்டது, பெட்டியை அகற்றிவிடுங்கள்" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். பெட்டியோடு அகன்று போவது வெறும் இரும்பன்று. மாணவர் சேர்வு இடாப்பு, சம்பளப் பதிவு, நோயாளர் குறிப்பு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு என மீண்டும் எழுதிக்கொள்ள இயலாதவை அதனுள் இருத்தல் கூடும். அவ்வாறான தீர்ப்புப் பலவேளைகளில் அவசரத் தீர்ப்பேயாகும். வன்தட்டு நலமாயிருக்க, அதனைக் கணினியோடு சேர்க்கும் வடத்தின் ஒழுங்கு மாத்திரம் பிழைத்திருக்கலாம். அவ்வொழுங்கு யாது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இத்தகைய பழைய சேவையகங்களில் வன்தட்டுகளை இணைப்பதற்குப் பெரிதும் கையாளப்பட்ட முறைக்கு ஸ்கசி என்று பெயர். 'சிறு கணினித் தொகுதி இடைமுகம்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஒலிப்பதால் வந்த பெயர் அது. அமெரிக்காவில் ஷுகாட் அசோசியேற்ஸ் என்னும் நிறுவனம் 1979 ஆம் ஆண்டளவில் உருவாக்கிய இணைப்பு முறையொன்றிலிருந்து அது பிறந்தது. 1986 ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய நியமமாக ஏற்கப்பட்டது. முதல் நியமத்தின்படி செக்கனுக்கு 5 மெகாபைற்றுத் தரவு வடத்தின் வழியே செல்லும். இக்குடும்பத்தின் இறுதித் தலைமுறைகளுள் ஒன்றாகிய அல்ட்ரா 320 என்பதில் அவ்வளவு 320 மெகாபைற்றாக உயர்ந்தது. வேகம் அறுபத்துநான்கு மடங்கு பெருகியபோதும் அடிப்படை மாறவில்லை. ஒரே வடத்திற் பல கருவிகள் கோக்கப்பட்டு, ஒரே பாதையை யாவும் பகிர்ந்துகொள்கின்றன. பொதுவழியைப் பகிர்ந்துகொள்வோர்க்கு ஒழுங்கு வேண்டுமன்றோ? அவ்வொழுங்கினை மூன்று விதிகளாக வகுத்துக் கூறலாம்.

முதலாவது, ஒவ்வொரு கருவிக்கும் தனக்கேயுரிய எண் வேண்டும். 8 தரவுக் கம்பிகளும் 50 ஊசிகளும் கொண்ட குறுகிய வடத்தில் 0 முதல் 7 வரையும், 16 தரவுக் கம்பிகளும் 68 ஊசிகளும் கொண்ட அகன்ற வடத்தில் 0 முதல் 15 வரையும் எண்கள் உள. கணினியின் கட்டுப்பாட்டு அட்டையும் இவ்வரிசையில் ஓர் உறுப்பினரே. வழக்கமாக அதற்கு 7 என்னும் எண் கொடுக்கப்படும். வழியைக் கேட்டு இருவர் ஒரே கணத்தில் எழுந்தால் 7 ஆம் எண்ணுக்கே முதலுரிமை உண்டென்பது காரணம். தனி வன்தட்டின் பின்புறத்திலோ அடியிலோ உள்ள சிறு ஊசிகளின்மேல் ஜம்பர் எனப்படும் மூடிகளைச் செருகி அதன் எண்ணைக் குறிக்கவேண்டும். அவ்வூசிச் சோடிகளின் மதிப்பு முறையே 1, 2, 4, 8 ஆகும். 5 என்னும் எண் வேண்டுமாயின் 1 உம் 4 உம் மூடப்படும். இரு கருவிகள் ஒரே எண்ணைத் தாங்கினால் இரண்டுமே குழம்பும். வன்தட்டொன்று அட்டையின் எண்ணையே தாங்கிவிட்டால், ஒரே வன்தட்டு எல்லா எண்களிலும் இருப்பதுபோற் காட்சியளிக்கும் விந்தையும் நிகழும். முன்புறமாக இழுத்தெடுக்கத்தக்க 80 ஊசி வன்தட்டுகளுக்கு இத்தொல்லை இல்லை. அவை செருகப்படும் பின்தளப் பலகையே ஒவ்வோர் இடத்துக்கும் எண்ணை வழங்கிவிடும். சில பலகைகள் தமக்கெனவும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது விதியே பெரும்பாலோர் தவறும் இடம். வடத்தின் இரு முனைகளும் முறைப்படி மூடப்படல் வேண்டும். நீண்ட கயிறொன்றின் ஒரு தலையைத் தூணிற் கட்டி, மறுதலையைக் கையாற் பிடித்து உதறிப்பாருங்கள். அலை தூண்வரை ஓடி, அங்கே மோதித் திரும்பி வரும். வடத்தில் ஓடும் மின்குறியும் அத்தகையதே. முனையில் அதனை ஏற்று அடக்குவார் இல்லையெனின் அது எதிரொலியாய்த் திரும்பி, பின்னால் வரும் குறியோடு கலந்து அதனைச் சிதைக்கும். அவ்வாறு திரும்பவிடாது தடுப்பதற்கே ரெர்மினேற்றர் எனப்படும் முடிப்பான் அமைந்துள்ளது. தொடக்க காலத்தில் அது 220 ஓம், 330 ஓம் தடைகளாலான எளிய உறுப்பாக இருந்தது. பின்னர் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் செயற்படு முடிப்பான்கள் வந்தன.

முடிப்பான்கள் இரண்டே இருத்தல் வேண்டும். அவையும் முனைகளிலேயே இருத்தல் வேண்டும். நடுவில் ஒன்றை வைப்பதும், மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பதும் முடிப்பான் இல்லாமையைப் போன்றே தீதாகும். வழமையாக ஒரு முனையைக் கட்டுப்பாட்டு அட்டை தானே மூடிக்கொள்ளும். பின்தளப் பலகை உள்ள சேவையகங்களில் மறுமுனை முடிப்பான் பெரும்பாலும் அப்பலகையிலேயே இருக்கும். தனி வன்தட்டுகளைக் கோக்கும் வடமாயின் அதன் கடைசியில் முடிப்பான் பொருத்தப்பட்டிருக்கவேண்டும். அட்டையின் ஒரே தடத்திலிருந்து உள்ளே ஒரு வடமும் வெளியே ஒரு வடமும் செல்லுமாயின், அட்டை இப்பொழுது முனையன்று, நடுவாகிவிட்டது. ஆகவே அதன் முடிப்பானை நிறுத்திவிடவேண்டும். வடத்தில் வெறுமையான கொழுவிகள் நடுவில் இருப்பதாற் பெருங்கேடில்லை. முடிப்பானுக்கு அப்பால் வடத்தின் வால் தொங்கவே கூடாது.

மூன்றாவது விதி, கலக்கத் தகாதவற்றைக் கலவாமை. பழைய ஒற்றைமுனை முறையில் ஒரு குறிக்கு ஒரு கம்பியே பயன்பட்டது. வேகம் கூடக்கூட அம்முறையில் வடத்தின் நீளம் சுருங்கிற்று: முதல் நியமத்தில் 6 மீற்றர்; அல்ட்ரா என்னும் வேகத்தில், கருவிகள் நான்குக்கு மேற்படின் ஒன்றரை மீற்றர் மாத்திரமே. பின்னர் வந்த தாழ்மின்னழுத்த வேறுபாட்டு முறை ஒரு குறிக்கு இரு கம்பிகளைக் கொண்டு, அவற்றிடையேயுள்ள வேறுபாட்டைப் படிக்கிறது. அதனால் 12 மீற்றர் வரை வடம் செல்லலாம். புதிய வன்தட்டுகளோடு ஒரேயொரு பழைய ஒற்றைமுனைக் கருவியைக் கோத்துவிட்டாலும், வடம் முழுவதும் பழைய முறைக்கு இறங்கி, அகன்ற வடத்திற் செக்கனுக்கு 40 மெகாபைற்றுக்கு மேற் செல்லாது. நீளக் கட்டுப்பாடும் கூடவே வந்துசேரும். பழைய நாடாக் கருவி இருப்பின் அதனை அட்டையின் இரண்டாவது தடத்திற் கொழுவுதலே முறை. உயர்மின்னழுத்த வேறுபாட்டுக் கருவியென வேறொரு வகையும் உண்டு; அதனை மற்றவற்றோடு சேர்த்தாற் கருவிகளே கெட்டுப்போகலாம்.

இம்மூன்று விதிகளையும் அறிந்தவர் பெட்டியைத் திறக்கும்போது சில நிதானங்களையும் கைக்கொள்ளவேண்டும். மின்னிணைப்பை முற்றாக நீக்குக. கணினியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்குக. எதனையும் கழற்றுமுன், எந்த வன்தட்டு எந்த இடத்தில் இருந்தது என்பதை எழுதி ஒட்டுக. பின்பு வடத்தின் கொழுவிகளைப் பார்த்து, வளைந்த ஊசி உண்டா, தளர்வு உண்டா என ஆராய்க. அதன்பின் எண்களையும் முனைகளையும் சரிபார்க்குக. நிமிடத்துக்கு 10,000 அல்லது 15,000 முறை சுழலும் வன்தட்டுகள் பல ஒரே கணத்திற் சுழலத் தொடங்கினால், முதுமையுற்ற மின்வழங்கி அதனைத் தாங்காது. ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலச் செய்யும் ஏற்பாடு இருக்குமாயின் அதனைப் பயன்படுத்துக. வன்தட்டு தெரிகின்றது, ஆனால் பெருந்தொகைத் தரவு செல்லும்போது மாத்திரம் பிழை நேர்கின்றது எனின், முதலில் ஐயுறவேண்டியவை வடமும் முடிப்பானுமாம்.

இவை யாவற்றினும் ஆபத்தான இடம் ஒன்றுண்டு. பல வன்தட்டுகளை ஓர் அணியாக்கி, ஒன்று கெட்டாலும் மற்றவை தரவைக் காக்குமாறு அமைக்கும் முறைக்கு ரெயிட் என்று பெயர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்ளி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையால் அப்பெயர் பரவியது. அதன் ஐந்தாம் வகையில், 36 கிகாபைற்று வன்தட்டுகள் மூன்று சேர்ந்தால் 72 கிகாபைற்றே பயனுக்கு வரும், எஞ்சியது காப்புக்காகும். அவ்வணியிற் கோக்கப்பட்ட இரு வன்தட்டுகள் வடக்கோளாற்றால் ஒரே கணத்தில் மறைந்தால், அணி குலைந்துவிட்டதென அட்டை கருதும். அப்பொழுது திரையில், "புதிதாகத் தொடங்கவா?" என்பது போன்ற வினா எழலாம். அறியாமல் 'ஆம்' என்று விடையளித்தால், வடக்கோளாறு செய்யாத அழிவை விரல் செய்துவிடும். ஆகவே வடத்தைச் சரிபார்த்து முடியுமட்டும் அவ்வினாவுக்கு இசையற்க. ரெயிட் அணி என்பது வேறிடத்தில் வைத்த பிரதிக்கு ஈடாகாது என்பதையும் நினைவிற் கொள்க.

2000களின் நடுப்பகுதியிலிருந்து, ஒவ்வொரு வன்தட்டுக்கும் தனிவழி அமைக்கும் தொடர்நிலை ஸ்கசி இப்பொதுவழியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கணினிக் கட்டளைகளில் ஸ்கசியின் மொழி இன்றும் வாழ்கிறது. வடமும் முடிப்பானுமே விடைபெற்றன. ஆகையால், பழைய பெட்டியைச் சீர்செய்வதன் நோக்கம் அதனை என்றென்றும் ஓட்டுவதன்று. ஒருமுறை உயிர்ப்பித்து, உள்ளிருக்கும் பதிவுகளைப் புதிய இடத்துக்குப் பிரதி செய்து, அப்பிரதி சரியாகத் திறக்கின்றதா என்று படித்துப் பார்த்து, அதன்பின் பழைய வன்தட்டுகளை முறையாக அழித்து ஓய்வு கொடுத்தலே நோக்கமாகும். பதிவுகள் அலுவலகத்தின் உடைமையல்ல. அவற்றிற் பெயர் எழுதப்பட்ட மக்களின் உடைமை. அவர்களுள் ஒருவர் நாளை வந்து தம் பெயரைக் கேட்கும்போது, அதனை எடுத்துக் கொடுப்பது நம் கடமை.