மகரந்தச் செவ்வகம்



2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில், தரையோடு தரையாக ஒரு மஞ்சள் செவ்வகம் கிடந்தது. 18 அடிக்கு 21 அடி. சாயமில்லை, துணியில்லை, அத்தனையும் ஹேசல் மரத்தின் மகரந்தத் தூள். செய்தவர் வொல்ஃப்காங் லைப் என்ற ஜெர்மானியர். தென் ஜெர்மனியில் தம் கிராமத்தைச் சுற்றி, 1990-களின் நடுவிலிருந்து சேர்த்துவந்த தூள் அது.

சேர்க்கும் விதத்தைச் சொன்னால்தான் அந்த மஞ்சளின் மதிப்பு தெரியும். குளிர் விடும் முன்பே ஹேசல் பூக்கும். பிறகு டாண்டலியன், அப்புறம் பைன். ஒவ்வொன்றுக்கும் சில வாரங்கள்தான். லைப் கையாலேயே தட்டிப் புட்டியில் சேர்ப்பார், இயந்திரம் கிடையாது. ஒரு பருவம் முழுக்க உழைத்தாலும் சில புட்டிகள் தேறும், அவ்வளவே. காட்சிக்கு வைக்கும்போது மண்டியிட்டு, சல்லடையை மெல்லத் தட்டித் தட்டித் தூவுவார். காட்சி முடிந்ததும் வாரி, தூசு நீக்கி, மறுபடி புட்டிக்குள்.

சரி, இத்தனை பாடுபட்டுச் சேர்த்ததை ஏன் வெறும் செவ்வகமாகத் தூவ வேண்டும்? பூவாகவோ பறவையாகவோ வரைந்திருக்கலாமே?

வரைந்திருந்தால் நாம் அவருடைய கைத்திறனைத்தான் பார்த்திருப்போம். செவ்வகத்துக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. அது ஒதுங்கி வழிவிடுகிறது, கண் மஞ்சளுக்குப் போகிறது. வெறும் வடிவத்தை முன்பும் வைத்திருக்கிறார்கள். ரஷ்ய ஓவியர் மாலெவிச் 1915-இல் கறுப்புச் சதுரத்தைக் காட்சிக்கு வைத்தார். டச்சு ஓவியர் மோன்ட்ரியான் மரங்களை வரைந்து வரைந்து, கடைசியில் நேர்கோடுகளுக்கு வந்து சேர்ந்தார். அவர்கள் இயற்கையை உதறிவிட்டு வடிவத்துக்குப் போனவர்கள். லைப் அதே வடிவத்துக்குள் இயற்கையை அப்படியே கொண்டுவந்து கொட்டுகிறார். இந்த மகரந்தம் தாம் படைத்ததல்ல என்பதில் அவர் தெளிவாக இருக்கிறார். செவ்வகத்தைப் புகைப்படத்தில் பார்த்தால் சாயம் பூசிய பலகைபோலத் தட்டையாகத் தெரியும். அது இந்தக் கலைக்கு இழைக்கும் அநியாயம். தூவிய தூளுக்குக் கூரான விளிம்பு கிடையாது, ஓரம் புகைபோல மங்கும்.

இவருக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. லைப் மருத்துவம் படித்தவர். தென்னிந்தியக் கிராமங்களின் குடிநீர்ச் சுகாதாரம்தான் அவருடைய ஆய்வுப் பொருள். 1974-இல் படிப்பை முடித்தார். மருத்துவராகத் தொழில் செய்யவில்லை. மதுரைக்கு அருகே இன்றும் அவருக்கு ஒரு கலைக்கூடம் இருக்கிறது.

படிப்பு முடிந்த மறு ஆண்டு செய்தது 'பால்கல்'. வெள்ளைப் பளிங்குப் பலகை. மேற்பரப்பை, மயிரிழை விளிம்பு மட்டும் மிஞ்சும்படி மிக லேசாகக் குழிவாக இழைத்து, அதில் பாலை விளிம்பு தட்ட நிரப்புவார். கல் எங்கே முடிகிறது, பால் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கு உடனே பாலாபிஷேகம் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே பால் கல்லின்மேல் வழிந்து ஓடும். இங்கே அசையாமல் நிற்கும். நிற்கிறதே தவிர, கெடாமல் இருக்குமா? மாலையில் பாலை எடுத்துவிட்டுக் கல்லைக் கழுவ வேண்டும், காலையில் புதுப்பால் ஊற்ற வேண்டும். முதல் நாள் லைப் ஊற்றுவார். அடுத்த நாளிலிருந்து அது அருங்காட்சியக ஊழியர்களின் வேலை.

2009-இல் இத்தாலியின் தூரின் நகரத்துக்குத் தென்னிந்தியாவிலிருந்து அர்ச்சகர்களை வரவழைத்து, அக்கினி வளர்த்து, வேள்வியையே கலைக்காட்சியாக நடத்தினார். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. வேள்வி ஏற்கெனவே முழுமையானது, அதில் கலைஞருக்கு என்ன வேலை? பால்கல்லுக்கு மந்திரம் வேண்டாம், அர்ச்சகர் வேண்டாம். காலையில் யாரோ ஓர் ஊழியர் கை நடுங்காமல் பால் ஊற்றினால் போதும்.