பிழையைச் சொல்லும் உரிமை
(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



ஒரு ஸ்தாபனம் சீர்திருந்த வேண்டுமாயின் மாற்றத்தக்கது ஆட்களையா, நடைமுறையையா என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த விஷயம். இதற்குக் கலிபோர்னியா மாகாணத்துப் பிரிமாண்ட் நகரின் மோட்டார் தொழிற்சாலைச் சரித்திரம் தக்க விடை பகரும்.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் நடத்திய அத்தொழிற்சாலையில், வேலை வரிசை எக்காரணத்தாலும் நிற்கலாகாதென்பது விதி. திருகாணி ஒன்று குறைந்ததைக் கண்டவனும் வாய் பேசாது வண்டியை அடுத்தவனிடம் விட்டுவிடுவான். வேலைக்கு வராதோர் பலர், பிணக்குகளும் மிகுதி. 1982-ஆம் ஆண்டில் தொழிற்சாலை மூடப்பட்டது.

1984-இல் ஜப்பானிய டொயோட்டா கம்பெனியாரும் கூட்டுச்சேர, அது மீண்டும் திறக்கப்பட்டது. அமர்ந்தோரில் பெரும்பாலார் பழைய தொழிலாளிகளே. ஆனால் வரிசை நெடுக ஒரு கயிறு தொங்கிற்று. பிழை கண்டவன் அதை இழுக்கலாம். விளக்கெரியும், ஓசை எழும், குழுத் தலைவன் வந்து, வெகுளாது, "யாது குறை?" என வினவித் துணைபுரிவான். அவ்விடத்தே குறை தீராவிடின் வரிசை நிற்கும். நூல் அறுந்தவுடன் தானே நின்றுவிடும் தறியை அமைத்த ஸாகிச்சி டொயோடாவின் கொள்கையே இதற்கு வித்தாகும். சில காலத்துக்குள் அதே தொழிலாளிகள் சிறந்த வண்டிகளைச் செய்து புகழெய்தினர்.

அத்தொழிற்சாலை 2010-இல் மூடப்பட்டது. நன்முறை ஒன்றே ஒரு ஸ்தாபனத்தை என்றென்றும் காக்குமென நாம் சொல்லவில்லை. கயிற்றை மட்டும் கட்டி, இழுத்தவனைக் கடிந்தால் பயனில்லை என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

நமது சங்கத்தில் நாம் செய்வது யாது? கல்வி நிதி மனுக்கள் ஏன் மாதக்கணக்கில் தேங்குகின்றன என்று ஒரு சகோதரி மகாசபையில் வினவியபோது, விடையளிக்காது அடுத்த விஷயத்துக்குச் சென்றோம். மறு ஆண்டு அவர் வரவில்லை. பிள்ளைகள் சம்பளம் செலுத்தவேண்டிய கெடுவும் கடந்தது. பிழையைச் சொன்னவர் அடங்கினார், பிழை அடங்கவில்லை. இக்குற்றம் காரியதரிசி ஒருவருடையதன்று. அன்று வாளாவிருந்த நாம் அனைவரும் அதில் பங்குடையோம்.

ஆதலின், ஒவ்வொரு கூட்டத்திலும் முதற் கால்மணி நேரத்தைக் குறை கூறுவோர்க்கே ஒதுக்குவோமாக. கூறியவர் இளைஞராயினும் பெண்டிராயினும் முதலில் வந்தனம் சொல்வோமாக. அடுத்த மாதச் சஞ்சிகையில் விடையை வெளியிடுவோமாக. அச்சகோதரியின் இல்லத்துக்கு நாமே சென்று அழைத்துவருவது இதற்கு நல்ல தொடக்கமாகும்.